பளபளப்பு நீக்கித் தரவும்

ஊயக் விரிகுடா முகாம்
கோடியாக் தீவு, அலாஸ்கா
20 பிப்ரவரி 1997

சிக்னே,

பைலட் பட்ஜ் இந்தக் கடிதத்தோடு ஒரு நீளப் பெட்டியையும் உன் பட்டறையில் இறக்குவான். உள்ளே சிமியோன் வைத்திருந்த ஸ்டெயின்லெஸ் ரைபிள். நவம்பரிலிருந்து இங்கேயே கிடக்கிறது.

வேலை இதுதான். பாரல், போல்ட், வெளியே தெரிகிற இரும்பு எல்லாவற்றிலும் பளபளப்பை எடுத்து மங்கலாக்கித் தர வேண்டும். இப்போது அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. சூரியன் பட்டால் விரிகுடாவின் எதிர்க்கரைக்குத் தெரியும். நவம்பரில் அந்த மினுக்கம்தான் எங்களைக் கரடிக்குக் காட்டிக் கொடுத்தது என்று உனக்கே தெரியும். வழிகாட்டிகள் வாரியத்துக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கரடி சீசன் தொடங்குகிறது. டெக்ஸஸிலிருந்து இரண்டு பேர் வேட்டைக்கு மார்ச் முப்பதே வந்துவிடுவார்கள். புது உதவியாள் வெண்டெல், நண்டுப் படகில் இருபது வருஷம் இருந்தவன், இந்த ரைபிளைத்தான் தூக்கப் போகிறான். அதற்குள் அனுப்பிவிடு.

மாப்பிள்ளை சிமியோனின் கை பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

ஹார்லன்


கோடியாக் நகரம்
27 பிப்ரவரி 1997

ஹார்லன்,

பெட்டி வந்தது. மூன்று மாதம் கழித்து என் அண்ணனிடமிருந்து வரும் முதல் கடிதம் ஒரு வேலைச் சீட்டு. சரி, வேலைச் சீட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியை நான் வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. சிமியோன் பட்டறைப் பக்கமே வருவதில்லை என்பதால் அது இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. கை பரவாயில்லை என்று நீயே நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன். வலது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. தோளை ஒரு அளவுக்கு மேல் தூக்க முடியாது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்கிறார். பொறுக்க முடியாதது வேறு. துறைமுகக் கபேயில் நீ டிசம்பரில் சொன்னாயாமே, "பாவம், ஆளு அப்படியே உறைஞ்சு போயிட்டான், கை விசைக்கே போகல" என்று. அது ஊர் முழுக்கச் சுற்றி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஓல்ட் ஹார்பர் கிராமத்தில் இருக்கிற அவர் அம்மா காதுக்கும் போய்விட்டது. பத்து வயதிலிருந்து மலையில் ஏறுகிறவர் அவர். இப்போது காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "சிக்னே, நான் உறைஞ்சு தான் போனேனா? எனக்கு நெனப்பு வேற மாதிரி இருக்கே." நான் அங்கே இல்லை.

இன்னொன்று. இந்த ரைபிளை யாருக்கும் தூக்கிக் கொடுக்க உனக்கு உரிமையில்லை. இது முகாம் துப்பாக்கி இல்லை. போன கோடையில் சிமியோன் தன் கைக்காசில் வாங்கியது.

வேலையைச் செய்கிறேன். பதிலுக்கு நீ ஒன்று செய். அன்றைக்கு நடந்ததை உன் கையால் எனக்கு எழுது. வாரியத்துக்கு எழுதியதை நான் படித்துவிட்டேன். எனக்கு எழுது.

சிக்னே


ஊயக் விரிகுடா
5 மார்ச் 1997

சிக்னே,

கேட்டாய், எழுதுகிறேன். ஒரு தடவைதான்.

இரண்டு ராத்திரி மேல்முகாமில் கூடாரத்தில் தங்கியிருந்தோம். நல்ல குளிர். தண்ணீர்ப் பாத்திரம் அடிவரை உறைந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை, வேட்டைக்கு வந்திருந்த அந்த டென்வர்க்காரன் கரடியை வயிற்றில் சுட்டான். அது ஆல்டர் புதருக்குள் போய்விட்டது. காயம்பட்ட கரடியை விட்டுவிட்டு வர முடியாது, அது சட்டம். டென்வர்க்காரனைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் வலப்பக்கம், சிமியோன் இடப்பக்கம், நடுவே இருபது அடி. மேகம் விலகி வெயில் அடித்தது. அவன் பாரல் ஒரு முறை மின்னியதைப் பார்த்தேன். அடுத்த நொடி கரடி அவன் பக்கம் வந்தது. என் பக்கம் வரவில்லை. அவன் பக்கம்.

அவன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். குறி வைத்தான். சுடவில்லை. கரடி எட்டு அடி தூரத்துக்கு வரும் வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கரடி அவன் மேல் இருந்தது. நான் சுட்டேன், மறுபடியும் சுட்டேன். அவ்வளவுதான்.

அவனைக் குறை சொல்லவில்லை. உறைந்து போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கபேயில் சொன்னதும் திட்டிச் சொன்னதல்ல. கேட்டார்கள், சொன்னேன்.

ரைபிள் அவனுடையது என்றால் சரி, வெண்டெலுக்கு இந்த சீசனுக்கு மட்டும் இரவல் தரட்டும். இனி அவனுக்கு அது எதற்கு? வேலை முடிந்து போல்ட்டைப் பூட்டும்போது உள்ளே நன்றாக கிரீஸ் அடைத்து அனுப்பு. படகு என்ஜினுக்குப் போடுகிற கெட்டி கிரீஸ்தான் இங்கே தாங்கும். உப்புக்காற்றும் மழையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் தின்றுவிடும். அக்டோபரில் நானே உட்கார்ந்து முகாமில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அடைத்தேன். ஒன்றில்கூட துரு இல்லை.

ஹார்லன்


கோடியாக் நகரம்
13 மார்ச் 1997

ஹார்லன்,

இதை நின்றபடி படிக்காதே. உட்கார்ந்து படி. முழுக்கப் படி.

பாரலையும் உடலையும் போன வாரமே முடித்துவிட்டேன். துளையின் இரண்டு முனையையும் அடைத்து, போல்ட் ஓடுகிற பாதைக்கு டேப் ஒட்டி, பீச்சுகிற பெட்டிக்குள் வைத்து நுண்ணிய கண்ணாடித் தூளைக் காற்றில் பீச்சினேன். ஈரம் காய்ந்த கடற்கரைக் கல் மாதிரி சாம்பலாக வந்திருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பீச்சுவதற்கு முன் அதைப் பிரித்து எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவ வேண்டும். பட்டறைக்கு வெளியே மேடையில் வைத்துத்தான் பிரித்தேன், கழுவுகிற திரவத்தின் நாற்றம் உள்ளே நிற்காமல் இருக்க. பின்பக்கத்தைத் திருகினேன். சுழலவில்லை. பலம் கொடுத்துத்தான் திறந்தேன். உள்ளே உன் கிரீஸ். குளிரில் மெழுகுவர்த்தி மாதிரி இறுகி, தோட்டாவின் அடியில் போய் அடிக்கிற ஊசியையும் அதன் ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொண்டிருந்தது.

கழுவாமல் நிறுத்திவிட்டேன். போல்ட்டை அப்படியே மூடி ரைபிளில் மாட்டி, மூன்று மணி நேரம் பனியில் வைத்தேன். குண்டும் மருந்தும் இல்லாத வெறும் தோட்டாக் கூட்டின் அடியில், ஊசி அடித்தால் பொறி கிளப்புகிற பிரைமரைப் புதிதாக வைத்து விசையை இழுத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் வெடிக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு இழுத்தேன். முதல் தடவையே வெடித்தது.

பிறகு பின்கட்டையில் கட்டியிருக்கிற தோல் உறையைப் பார்த்தேன். அதில் நான்கு தோட்டாக்கள் அப்படியே இருக்கின்றன. மூன்று புதிது மாதிரி. நான்காவதின் பிரைமரில், நடுவில், கொசு உட்கார்ந்த அளவுக்கு ஒரு குழி, ஊசி பலமில்லாமல் வந்து தொட்ட தடம்.

சிமியோன் உறைந்து போகவில்லை. அவர் விசையை இழுத்தார்.

அந்தத் தோட்டாவைப் பாரலின் அறையிலிருந்து வெளியே எடுத்தது யார்? அவர் எடுத்திருக்க முடியாது. அவர் கை அப்போது கரடியின் வாயில் இருந்தது. யார் எடுத்தது, ஹார்லன்?

அதைப் பிறகு சொல். முதலில் இதைச் செய். முகாமில் இருக்கிற எல்லா ரைபிளின் போல்ட்டையும் பிரித்து, கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடு. ஏப்ரல் ஒன்றுக்கு முன்னால். இன்னும் சிமியோனிடம் சொல்லவில்லை. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

சிக்னே


ஊயக் விரிகுடா
18 மார்ச் 1997

சிக்னே,

உன் கடிதம் வந்த அன்றே முகாமின் நான்கு துப்பாக்கியையும் எடுத்துப் போய் வீட்டுக்குப் பின்னால் இலக்குப் பலகையில் சுட்டோம். நான்கும் வெடித்தன. வெண்டெல் சாட்சி. நீ ஒரு போல்ட்டை மூன்று மணி நேரம் பனியில் புதைத்துவிட்டு வெடிக்கவில்லை என்கிறாய். என்னைப் பனியில் புதைத்தாலும்தான் பேச மாட்டேன்.

அந்தத் தோட்டா மோசமான பிரைமராக இருக்கும். கடையில் வாங்குகிற பெட்டியில் ஒன்றிரண்டு அப்படி வரும், உனக்குத் தெரியாததா?

இருபத்திரண்டு வருஷமாக இந்த விரிகுடாவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். பட்டறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் துப்பாக்கி பராமரிக்கச் சொல்லித் தராதே. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ அவன் பக்கம்தான். அது நியாயம், புருஷன். ஆனால் அவனிடம் இதைச் சொல்லாதே. ஏதோ மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறவனுக்கு வீண் ஆசை காட்டிவிட்டு, அப்புறம் அது இல்லை என்று ஆனால் அவன் தாங்க மாட்டான்.

ரைபிளை முடித்து அனுப்பு. இருபத்தெட்டுக்குள் வந்தாக வேண்டும்.

ஹார்லன்


கோடியாக் நகரம்
28 மார்ச் 1997, வெள்ளி

அண்ணா,

பத்து நாளாக விமானம் பறக்கவில்லை. உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது நீ மலையில் இருப்பாய். ஆனாலும் எழுதி வைக்கிறேன், பிறகு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய்.

வீட்டிலிருந்து எடுத்த துப்பாக்கி சூடாக இருக்கும், வெடிக்கும். மேல்முகாம் குளிரில் இரண்டு ராத்திரி கிடந்த துப்பாக்கி வெடிக்காது. இது உனக்குப் புரியாமல் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

சிமியோனிடம் சொன்னேன். நீ சொல்லாதே என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சொன்னேன். தோட்டாவை மேசை மேல் வைத்தேன். அவர் அதை இடது கையால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளிக்குன்னு கேட்டுச்சு," என்றார். "ஆஸ்பத்திரியில எல்லாருகிட்டயும் சொன்னேன். மயக்க மருந்துல உளர்றேன்னு சிரிச்சாங்க. அப்புறம் நானே சேஃப்டி பூட்டைத் தள்ள மறந்துட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். நாலு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், சிக்னே."

நான் பக்கத்தில் போனேன். கையால் தடுத்துவிட்டார்.

"மத்த துப்பாக்கி?"

"அதுலயும் அதே கிரீஸ்தான். அண்ணன் கழுவ மாட்டேங்கறாரு."

"அப்ப இங்க என்ன பேச்சு? அந்த வெண்டெலுக்கு வீடு வாசல் இருக்கும்ல. ரேடியோவுல சொல்லு."

"எல்லாரும் கேப்பாங்க. அண்ணன் பேரு போயிடும்."

"என் பேரு போனப்ப எல்லாரும் கேட்டாங்கல்ல," என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்று மாலை ஆறு மணிக்கு வானிலைச் செய்திக்காக எல்லா முகாமும் எல்லாப் படகும் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும். அப்போது பேசப் போகிறேன். நீ எடுத்துக் கேட்டாலும் சரி, அணைத்தாலும் சரி, வெண்டெல் காதில் விழுந்தால் போதும். காரணம் சொல்ல மாட்டேன், சிமியோன் பெயரைச் சொல்ல மாட்டேன். போல்ட்டைப் பிரித்துக் கழுவாமல் மலை ஏறாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஆறு மணி ஆகப் போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அவசரம்தான் காரணம்.

சிக்னே


ஊயக் விரிகுடா
3 ஏப்ரல் 1997

சிக்னே,

கேட்டேன். இந்தத் தீவில் காது உள்ளவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நீ பேசி முடித்ததும் ஏதோ ஒரு படகிலிருந்து ஒருத்தன், "ஊயக் முகாம், கேட்டுச்சா?" என்றான். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

அப்போது உன்னை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுதப் போவதில்லை.

வெண்டெல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாஸ், நாலு துப்பாக்கியையும் இப்பவே வெளிய குளிர்ல போடுறேன். காலையில பாத்துக்கலாம்," என்றான்.

"அவ கெடக்கா. உக்காந்து சாப்பிடு," என்றேன்.

"நண்டுப் படகுல இருபது வருஷம் இருந்தேன். கயிறு சரியில்லன்னு எவனாவது சொன்னா, சொன்னவன் யாருன்னு பாக்க மாட்டோம். கயித்தைத்தான் பாப்போம்."

போய்ப் போட்டுவிட்டான். காலையில் வாசலில் நின்று, வெறும் கூட்டில் பிரைமர் வைத்து ஒவ்வொன்றாக இழுத்தான். டெக்ஸஸ்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை, அது ஒன்றுதான் நல்லது. முதல் மூன்றும் "டிக்". நான்காவது என்னுடையது. அது வெடித்தது. எல்லாவற்றுக்கும் அடைத்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், ஆனால் என்னுடையதற்கு மட்டும் நான் கிரீஸ் அடைக்கவில்லை. அக்டோபரில் டப்பா தீர்ந்து போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். தீராமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆல்டர் புதருக்குள் சிமியோன் செத்திருப்பான். பிறகு நானும்.

வெண்டெல் மூன்றையும் என் காலடியில் வரிசையாக வைத்தான். "இதுல எதை நான் தூக்கணும், பாஸ்?" என்று கேட்டான். நையாண்டி இல்லை, நிஜமாகவே கேட்டான்.

இப்போது உன் கேள்வி.

நான்தான் எடுத்தேன். கரடி சரிந்த பிறகு, சிமியோனின் கையை என் சட்டையால் கட்டிவிட்டு, அவன் துப்பாக்கியைத் தூக்கினேன். அதில் தோட்டா இருந்தது. குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று போல்ட்டை இழுத்தேன். இழுக்கும்போதே கனமாக இருந்தது. தோட்டா என் உள்ளங்கையில் விழுந்தது. குழியைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன், சிக்னே. என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். அதை உறையில் செருகினேன். கடலில் எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை, ஏன் அதோடு சேர்த்தே உனக்கு அனுப்பினேன் என்று நீ கேட்பாய். எடுக்க மறந்தேனா, எடுக்க முடியவில்லையா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்குச் சாதகமாக எதையும் இதில் எழுதிக்கொள்ள விரும்பவில்லை.

மினுக்கமும் பொய்தான். பாரல் மின்னியது உண்மை. ஆனால் கரடி அதற்கு முன்பே எங்கள் வாடையைப் பிடித்திருந்தது. பாய்வதற்கு முன் அதன் காதுகள் பின்னால் படிந்துவிட்டன. யார் பக்கம் வழி இருந்ததோ அந்தப் பக்கம் வந்தது. ரைபிளை மங்கலாக்கிவிட்டால் நான் சொன்னது உண்மை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன் போல.

டெக்ஸஸ்காரர்களை ஆங்கரேஜிலேயே நிறுத்தி, இந்த சீசன் இல்லை என்று சொல்லிவிட்டேன். வழிகாட்டிகள் வாரியத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. உரிமத்தை எடுத்துக்கொள்வார்கள். சிமியோனுக்குத் தனியாக எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். "சிமியோன்" என்று எழுதியதற்கு மேல் போகவில்லை. இதையே அவனிடம் படித்துக் காட்டு. நேரில் வரலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வரவில்லை.

அண்ணன்


கோடியாக் நகரம்
12 ஏப்ரல் 1997

அண்ணா,

படித்துக் காட்டவில்லை. கையில் கொடுத்தேன். உன் வார்த்தைகளை என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

வாரியத்துக்கு எழுதிய நகலை முதலில் படித்தார். பிறகு உன் கடிதம். "பார்த்தேன், சிக்னே" என்ற இடத்துக்கு வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். படகுத்துறை வரை நடந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் ஆனது. நான் அடுப்பில் வைத்த மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

திரும்பி வந்து என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"சட்டையைக் கழட்டிக் கட்டுனது அவருதான். ரெண்டு மைல் முதுகுல தூக்கிக்கிட்டு வந்ததும் அவருதான். 'தூங்காத மாப்ள, தூங்காத'ன்னு வழி பூரா பேசிக்கிட்டே வந்தாரு. அப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு. இதை நான் எந்தப் பக்கம் வைக்கறது, சிக்னே?"

அடிப்பிடித்த சட்டியை ஊறப் போட்டேன். அவரே மேலும் சொன்னார்:

"இந்த மாசக் கடைசியில எங்க ரஷ்ய ஈஸ்டருக்கு அம்மா வருவாங்க. அப்ப வேண்டாம். அவங்க முன்னாடி என்னால முடியாது. மே மாசம் மச்சான் வரணும்னா வரட்டும். நான் பேசுவேனான்னு தெரியல. கபேயில ஒரு தடவை சொன்னவரு, அங்கயே இன்னொரு தடவை சொல்லட்டும். அதுக்கப்புறம் நம்ம வீட்டுக்கு வரட்டும்."

இதுதான் அவர் பதில். என் பதிலையும் கேட்கிறாய் என்றால், உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. மூன்று மாதம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. ஆனால் நீ அந்தக் கடிதத்தை எழுதாமலும் இருந்திருக்கலாம். எழுதினாய். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெண்டெலுக்கு என் நன்றியைச் சொல். வேலை இல்லாமல் இருந்தால், இங்கே துறைமுகத்தில் என் சிநேகிதியின் படகுக்கு ஆள் தேடுகிறார்கள்.

ரைபிள் உனக்குத் திரும்பி வராது.

நேற்று அவர் பட்டறைக்கு வந்தார். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. பாரலை வாங்கிப் பார்த்தார். "ஏன் இப்படிப் பண்ணுன?" என்றார். அண்ணன் கேட்டார் என்றேன். திரும்பப் பளபளப்பாக்கவும் முடியும், ஒரு வாரம் மெருகு போட வேண்டும், செய்யட்டுமா என்றேன். இடது கையால் பாரலைத் தடவினார். "வேண்டாம். மழையில பிடிக்க இதுதான் நல்லா இருக்கு. கை வழுக்காது," என்றார்.

போல்ட்டின் கைப்பிடி மட்டும் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பீச்சுகிற பெட்டியில் வைத்தால் ஐந்து நிமிஷ வேலை. அவர் கேட்கவில்லை. தேய்க்கிற சொரசொரப்புத் துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது முழங்கையால் போல்ட்டை மேசையோடு அழுத்திக்கொண்டு இடது கையால் தேய்க்க ஆரம்பித்தார். நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. நான் எழுந்தேன்.

"உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். இருட்டும் வரை தேய்த்தார்.

சிக்னே